போட்டி யாருக்கு, பாதுகாப்பு யாருக்கு? ஐரோப்பியப் பொதுச் சந்தையின் அனுபவம்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1848ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜனநாயக சங்கத்தின் கூட்டத்தில் காரல் மார்க்ஸ் தடையற்ற வர்த்தகம் குறித்து உரையாற்றினார். இங்கிலாந்தில் தானியச் சட்டங்கள் ரத்து செய்யப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மலிவான ரொட்டி கிடைக்கும் என்று சொல்லி, ஆலை முதலாளிகள் தொழிலாளரைத் தங்கள் பின்னால் திரட்டியிருந்தார்கள். சுதந்திரம் என்ற சொல்லை முதலாளி உச்சரிக்கும்போது அது யாருடைய சுதந்திரம் என்பதே மார்க்ஸ் அன்று எழுப்பிய கேள்வி. அது மூலதனத்தின் சுதந்திரமே என்று அவர் பதிலும் அளித்தார். அதற்காகக் காப்பு வரிச் சுவருக்குப் பின்னால் பதுங்கும் உள்நாட்டு முதலாளிக்கும் அவர் வக்காலத்து வாங்கவில்லை. இரண்டு முகாம்களில் எதற்கும் வால்பிடிக்காமல், தொழிலாளி வர்க்கத்தின் நிலையிலிருந்து பிரச்சனையை அணுகினார்.

அதே பிரஸ்ஸல்ஸ் நகரில்தான் இன்று ஐரோப்பிய ஆணையம் அமர்ந்திருக்கிறது. அதன் அதிகாரங்களில் வலிமை மிக்கது போட்டிக் கொள்கை. கார்ட்டல்களைத் தண்டிப்பது, நிறுவனங்களின் இணைப்பைத் தடுப்பது, ஓர் அரசு தன் ஆலைக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்கச் சொல்வது ஆகிய அனைத்தும் இந்தக் கொள்கையின் பெயரால் நடக்கின்றன. இடதுசாரிகளிடையே இது குறித்து இருவேறு மயக்கங்கள் உண்டு. கூகுளுக்கு அபராதம் விதிக்கப்பட்ட செய்தியைக் கண்டு, ஏகபோகத்தை அடக்கும் கருவி கிடைத்துவிட்டது என்று கருதுவது ஒன்று. இவை யாவும் முதலாளிகளின் உள்வீட்டுச் சண்டை, தொழிலாளிக்கு இதில் வேலை இல்லை என்று ஒதுங்கிவிடுவது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பதை ஐரோப்பாவின் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் காட்டுகிறது.

கார்ட்டல்களின் கண்டம்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பா கார்ட்டல்களின் கண்டமாக இருந்தது. 1926ஆம் ஆண்டு ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், லக்ஸம்பர்க் நாடுகளின் எஃகு முதலாளிகள் சர்வதேச எஃகு கார்ட்டலை அமைத்து, யார் எவ்வளவு உற்பத்தி செய்வது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதன் தலைமையகம் லக்ஸம்பர்க்கில் இருந்தது. ஜெர்மனியில் 1925ஆம் ஆண்டு பெரும் ரசாயன நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஐ.ஜி. ஃபார்பன் உருவானது. அந்த நிறுவனம் நாஜி ஆட்சியோடு கைகோத்து, அவுஷ்விட்ஸ் முகாமையொட்டி ஆலை எழுப்பி, கைதிகளின் உழைப்பைச் சாகும்வரை உறிஞ்சியது. ஏகபோகமும் பாசிசமும் எத்தனை நெருங்கிய உறவினர் என்பதை ஐரோப்பியத் தொழிலாளி வர்க்கம் தன் ரத்தத்தால் அறிந்துகொண்டது.

போருக்குப் பின் ஐ.ஜி. ஃபார்பன் பிரிக்கப்பட்டது. பாஸ்ஃப், பேயர், ஹெக்ஸ்ட் ஆகியவை அதிலிருந்து எழுந்தவை. நிலக்கரியும் எஃகும் மீண்டும் ரூர் முதலாளிகளின் தனிக்கையில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சம் பிரான்சுக்கு இருந்தது. சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக மேற்கு ஜெர்மனியை மீண்டும் எழுப்ப வேண்டும் என்ற அவசரம் அமெரிக்காவுக்கு இருந்தது. இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் 1950 மே 9 அன்று ஷூமான் பிரகடனம் வெளியானது. 1951 ஏப்ரலில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஆறு நாடுகளின் நிலக்கரி எஃகு சமூகம் பிறந்தது. அதன் உயர் ஆணையமும் அதே லக்ஸம்பர்க் நகரில்தான் அமர்ந்தது. பழைய கார்ட்டல் முதலாளிகளின் ரகசிய அறையில் கூடியது. புதிய அமைப்பு கார்ட்டல்களைத் தடை செய்யும் விதிகளோடு வந்தது. வேறுபாடு உண்மையானதே. ஆனால் உற்பத்திச் சாதனங்களின் உடைமை மாறவில்லை.

ரோம் உடன்படிக்கையின் இரட்டை முகம்

1957 மார்ச் 25 அன்று ரோம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் தங்களிடையே சுங்கத் தீர்வைகளை நீக்கவும், வெளியுலகுக்கு எதிராகப் பொதுவான ஒரே தீர்வையை விதிக்கவும் ஒப்புக்கொண்டன. இந்தச் சுங்க ஒன்றியம் 1968 ஜூலை 1 அன்று, குறித்த காலத்துக்கு முன்பாகவே நிறைவேறியது.

தீர்வையை எடுத்துவிட்டால் மட்டும் சந்தை ஒன்றாகிவிடாது. அரசு எழுப்பிய சுவரை இடித்த இடத்தில் முதலாளிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு வேறொரு சுவரை எழுப்பிவிடலாம். அதைத் தடுக்கவே உடன்படிக்கையில் போட்டி விதிகள் இடம்பெற்றன. 85ஆம் பிரிவு நிறுவனங்களுக்கு இடையிலான விலை ஒப்பந்தங்களையும் சந்தைப் பங்கீட்டையும் தடை செய்தது. 86ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 92 முதல் 94 வரையிலான பிரிவுகள் அரசுகள் தங்கள் தொழில்களுக்கு அளிக்கும் உதவியைக் கட்டுப்படுத்தின. இன்றைய லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பின் இவை 101, 102, 107 முதல் 109 என எண் மாறியிருக்கின்றன. உள்ளடக்கம் பெரிதும் அப்படியே உள்ளது.

86ஆம் பிரிவைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். ஆதிக்கத்தை அது தடை செய்யவில்லை. ஆதிக்கத்தின் துஷ்பிரயோகத்தை மட்டுமே தடை செய்கிறது. ஒரு நிறுவனம் சந்தை முழுவதையும் விழுங்கி நிற்கலாம், ஆனால் நின்ற பின் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். போட்டி ஏகபோகத்தைப் பெற்றெடுக்கிறது என்பது மார்க்சியத்தின் பாலபாடம். குழந்தை பிறப்பதைத் தடுக்காமல் அதன் நடத்தைக்கு மட்டும் விதி வகுக்கும் சட்டம் இது.

இதற்குப் பின்னால் ஒரு தத்துவமும் இருந்தது. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஆய்க்கன், ஃப்ரான்ஸ் போம் ஆகியோரைச் சுற்றி உருவான சிந்தனைப் பள்ளி, சந்தை தானாக இயங்காது, வலுவான அரசு சட்டத்தின் மூலம் போட்டியைக் காக்க வேண்டும் என்று வாதிட்டது. பொருளாதாரத்தின் அடிப்படை விதிகள் தேர்தலில் மாறிமாறி வரும் பெரும்பான்மைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். போட்டித் துறைக்கான முதல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஹான்ஸ் ஃபான் டெர் குரோபன் ஜெர்மானியர். அவருடைய காலத்தில் வந்த 1962ஆம் ஆண்டின் 17ஆம் எண் ஒழுங்குமுறை, விசாரிப்பதும் குற்றம் சாட்டுவதும் தண்டிப்பதும் ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஆணையத்திடமே ஒப்படைத்தது.

அன்றைய இடதுசாரிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியும் ரோம் உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்தன. கம்யூனிஸ்ட் அல்லாத பிரெஞ்சுத் தலைவர் மென்டஸ்-ஃபிரான்ஸ் கூட, சமூகப் பாதுகாப்புச் செலவு குறைந்த நாட்டோடு போட்டியிட வேண்டிய கட்டாயத்தால் தொழிலாளர் உரிமைகள் கீழ்நோக்கி இழுக்கப்படும் என்று எச்சரித்தார். இன்னொரு உண்மையும் மறக்கத்தக்கதல்ல. விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த அல்ஜீரியா அந்த உடன்படிக்கையின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. பெல்ஜிய காங்கோவும் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவும் இணைப்புப் பிரதேசங்களாக ஒட்டிவைக்கப்பட்டன. முதலாளித்துவத்தின் கீழ் ஐரோப்பிய ஐக்கியம் என்பது காலனிகளைக் கூட்டாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகவே அமையும் என்று 1915இல் லெனின் சொன்னது அங்கே எழுத்திலேயே இருந்தது.

இரண்டு வழக்குகள்

போட்டிக் கொள்கை சந்தையை எவ்வாறு இணைத்தது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு பழைய வழக்குகள் போதும்.

ஜெர்மானிய மின்னணு நிறுவனமான குருண்டிக், பிரான்சில் தன் பொருட்களை விற்கும் ஏகபோக உரிமையைக் கான்ஸ்டன் என்ற நிறுவனத்துக்கு அளித்திருந்தது. வேறொரு வணிகர் அதே பொருட்களை ஜெர்மனியில் மலிவாக வாங்கிப் பிரான்சில் விற்றபோது, கான்ஸ்டன் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1964இல் ஆணையமும் 1966இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்த ஏகபோக ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தன. தேச எல்லையை ஒப்பந்தத்தின் மூலம் மீண்டும் வரைய முதலாளிக்கு அனுமதி இல்லை என்பது உறுதியாயிற்று. நுகர்வோருக்கு இதனால் பலன் கிடைத்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

மற்றொரு வழக்கு இத்தாலியில் எழுந்தது. 1962இல் இத்தாலிய அரசு மின்சாரத் துறையைத் தேசியமயமாக்கி எனெல் என்ற பொதுத்துறை நிறுவனத்தை அமைத்தது. தேசியமயமாக்கப்பட்ட மின் நிறுவனம் ஒன்றில் பங்கு வைத்திருந்த கோஸ்டா என்ற வழக்கறிஞர், எனெலுக்குச் செலுத்த வேண்டிய சிறு மின்கட்டணத்தைக் கட்ட மறுத்து, தேசியமயச் சட்டம் ரோம் உடன்படிக்கைக்கு முரணானது என்று வாதிட்டார். தேசியமயம் தப்பியது. ஆனால் 1964 ஜூலையில் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் ஒரு கோட்பாடு நிலைபெற்றது. உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றம் பின்னர் எந்தச் சட்டம் இயற்றினாலும், ஐரோப்பியச் சட்டமே அதற்கு மேலானது என்பதே அந்தக் கோட்பாடு. ஒரு மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்கிய வழக்கு, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களுக்கு மேலே சந்தை விதிகளை அமரவைத்தது.

ஏகபோக முதலாளிகள் எழுதிய வரைபடம்

1970களின் நெருக்கடி லாப விகிதத்தை அரித்தது. ஒவ்வோர் அரசும் தன் நாட்டுத் தொழிலைக் காக்கத் தரக்கட்டுப்பாடு, கொள்முதல் விதி, மானியம் என்று மறைமுகத் தடைகளை எழுப்பியது. இச்சூழலில்தான் 1983ஆம் ஆண்டு வோல்வோ நிறுவனத்தின் தலைவர் கில்லன்ஹாமர் முன்முயற்சியில் ஐரோப்பியத் தொழிலதிபர்களின் வட்டமேசை அமைப்பு உருவானது. 1985 ஜனவரியில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் தலைவர் டெக்கர், எல்லைத் தடைகளைக் குறித்த காலத்துக்குள் அகற்றும் திட்டமொன்றை முன்வைத்தார். அதே ஆண்டு ஜூனில் ஆணையத்தின் வெள்ளை அறிக்கை ஏறத்தாழ 300 நடவடிக்கைகளின் பட்டியலோடு வெளிவந்தது. 1986இல் கையெழுத்தான ஒற்றை ஐரோப்பியச் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1993 ஜனவரி 1 அன்று ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சந்தையின் அச்சாணி பரஸ்பர அங்கீகாரம் என்ற கோட்பாடு. 1979இல் பிரெஞ்சு மதுவகை ஒன்றை ஜெர்மனியில் விற்கத் தடை இருந்தது தொடர்பான காசிஸ் வழக்கில் அது பிறந்தது. ஒரு நாட்டில் சட்டப்படி தயாரித்து விற்கப்படும் பொருளை மற்ற நாடுகள் தகுந்த காரணமின்றித் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. மதுவுக்கும் பிஸ்கோத்துக்கும் இது பொருந்தலாம். இதே தர்க்கத்தைச் சேவைகளுக்கும், அதன் வழியாக மனித உழைப்புக்கும் நீட்டினால் என்ன ஆகும்? மிகக் குறைந்த ஊதியச் சட்டம் உள்ள நாட்டின் விதியே எல்லா நாடுகளுக்கும் படியளக்கும் அளவுகோலாகிவிடும். பின்னர் நடந்த பெரும் போராட்டங்களின் வேர் இங்கே இருக்கிறது.

ஒற்றைச் சந்தையோடு தனியார்மயமும் நடைபோட்டது. தொலைத்தொடர்பு 1998 ஜனவரி 1 அன்று திறந்துவிடப்பட்டது. மின்சாரம், ரயில், அஞ்சல் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. உடைமை வடிவம் குறித்துத் தான் நடுநிலை வகிப்பதாக உடன்படிக்கை சொல்கிறது. எந்த அரசையும் ஆலையை விற்கும்படி அது நேரடியாகக் கட்டளையிடுவதில்லை. ஆனால் பொதுத்துறைக்கு அரசு பணம் கொடுக்கும்போது, லாபம் தேடும் தனியார் முதலீட்டாளர் இதே நிபந்தனையில் பணம் போடுவாரா என்ற உரைகல்லில் அது சோதிக்கப்படுகிறது. போட மாட்டார் என்றால், அது தடைக்கு உரிய அரசு உதவியாகிவிடும். அரசு உடைமையாளராக இருக்கலாம், முதலாளியைப் போல நடந்துகொள்ளும் வரை.

இரண்டு தராசுகள்

2008ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இந்தத் தராசு எப்படிச் சாய்ந்தது என்பதை உலகம் பார்த்தது.

லீமன் பிரதர்ஸ் வீழ்ந்த ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 13 அன்று, வங்கிகளுக்கு அரசுகள் உதவுவதற்கான வழிகாட்டு நெறிகளை ஆணையம் வெளியிட்டது. ஒப்புதல்கள் சில வேளைகளில் ஓரிரு நாட்களிலேயே வழங்கப்பட்டன. 2008 அக்டோபர் முதல் 2011 இறுதி வரை உறுப்பு நாடுகள் நிதி நிறுவனங்களுக்குப் பயன்படுத்திய உதவி சுமார் 1.6 லட்சம் கோடி யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 13 சதவீதம் அது.

அதே ஆண்டு நவம்பர் 6 அன்று ஆணையம் மற்றொரு முடிவையும் அறிவித்தது. போலந்தின் கிடினியா, ஷெட்சின் கப்பல் கட்டும் தளங்களுக்கு அந்நாட்டு அரசு அளித்த உதவி சட்டவிரோதமானது, அதைத் திரும்ப வசூலிக்க வேண்டும் என்பதே அது. தளங்களின் சொத்துகள் துண்டுதுண்டாக விற்பனைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். சோசலிசத்தின் வீழ்ச்சிக்குப் பின் சந்தை சொர்க்கத்தைக் கொண்டுவரும் என்று வாக்குறுதி பெற்ற தொழிலாளர்கள் அவர்கள். வங்கி விழுந்தால் அது பொருளாதாரத்தின் பெருங்குழப்பம் என்றும், கப்பல் தளம் விழுந்தால் அது போட்டியின் இயல்பான விளைவு என்றும் சட்டத்தின் ஒரே பக்கத்தில் எழுத முடிந்தது.

கிரேக்கத்தில் நடந்ததும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியது. 2015ஆம் ஆண்டின் மூன்றாவது கடன் ஒப்பந்தத்தின் அழுத்தத்தில், கிரேக்க அரசு 14 பிராந்திய விமான நிலையங்களை ஃப்ராபோர்ட் தலைமையிலான குழுமத்துக்குக் குத்தகைக்கு விட்டது. இந்த ஃப்ராபோர்ட்டின் பெரும்பான்மைப் பங்குகள் ஜெர்மனியின் ஹெசன் மாநில அரசிடமும் ஃப்ராங்ஃபர்ட் நகராட்சி நிறுவனத்திடமும் உள்ளன. கிரேக்கப் பொது உடைமை திறமையற்றது என்று சொல்லப்பட்டது. அதை வாங்கியது ஜெர்மானியப் பொது உடைமை. பொதுத்துறை கூடாது என்பதை விடவும், கடனாளியிடம் பொதுத்துறை இருக்கக் கூடாது என்பதே இங்கு செயல்பட்ட விதி.

வலுவுள்ள அரசுக்கும் வலுவற்ற அரசுக்கும் இடையிலான இந்த இடைவெளி குறையவில்லை. உக்ரைன் போரையொட்டி அரசு உதவி விதிகள் தளர்த்தப்பட்டபோது, 2022இல் ஒப்புதல் பெற்ற சுமார் 67,200 கோடி யூரோ உதவியில் ஜெர்மனியின் பங்கு 53 சதவீதம், பிரான்சின் பங்கு 24 சதவீதம். மீதி 25 நாடுகளுக்கும் சேர்த்து நான்கில் ஒரு பங்குகூட இல்லை. விதியை இறுக்கினாலும் தளர்த்தினாலும் பலன் ஒரே திசையில் ஓடுகிறது.

வேலைநிறுத்தமும் சந்தைத் தடையா?

போட்டிக் கொள்கையும் சந்தைச் சுதந்திரங்களும் தொழிற்சங்கத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதே தொழிலாளி வர்க்கத்துக்கு உயிர்நாடியான கேள்வி. கூலியை ஒருங்கே நிர்ணயிக்கும் கூட்டு பேர ஒப்பந்தமும், சட்டத்தின் வறண்ட மொழியில், விலை நிர்ணய ஒப்பந்தம்தான். 1999ஆம் ஆண்டின் ஆல்பனி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், கூட்டு பேர ஒப்பந்தங்கள் கார்ட்டல் தடையின் வரம்புக்குள் வராது என்று ஒப்புக்கொண்டது. ஒரு வாசல் மூடப்பட்டது. ஆனால் மற்றொரு வாசல் திறந்தே இருந்தது.

ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே பயணிகள் கப்பல் நடத்திய வைக்கிங் லைன் என்ற ஃபின்லாந்து நிறுவனம், குறைந்த கூலிக்கு ஆள் அமர்த்துவதற்காகத் தன் கப்பலை எஸ்டோனியக் கொடிக்கு மாற்ற முயன்றது. மாலுமிகள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஸ்வீடனில் வாக்ஸ்ஹோம் நகரில் பள்ளிக் கட்டடம் கட்ட வந்த லாவல் என்ற லாட்விய நிறுவனம், ஸ்வீடன் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தது. கட்டடத் தொழிலாளர் சங்கம் பணியிடத்தை முற்றுகையிட்டது. 2007 டிசம்பரில், ஒரு வார இடைவெளியில், இரண்டு வழக்குகளிலும் தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் முதலில் பாராட்டியது. அந்த உரிமை நிறுவனத்தின் தொழில் நடத்தும் சுதந்திரத்துக்கும் சேவை வழங்கும் சுதந்திரத்துக்கும் தடையாகும்போது, அது தேவைக்கு மிஞ்சியதா என்று எடைபோடப்படும் என்று அடுத்த மூச்சில் சொன்னது. ஸ்வீடன் சங்கங்கள் இழப்பீடு செலுத்துமாறு அந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் 2009இல் உத்தரவிட்டது.

இதில் லாட்வியத் தொழிலாளி ஸ்வீடன் தொழிலாளியின் எதிரி அல்ல. அவரை வறுமையின் விலைக்கு வாங்கி, மற்றவரின் கூலியை உடைக்கும் சுத்தியலாகப் பயன்படுத்தும் முறையே எதிரி. வந்தவரை விரட்டு என்று கூவும் தீவிர வலதுசாரிகளுக்குத் தீனி போட்டதும் இந்த முறைதான். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒரே பணியிடத்தில் ஒரே கூலி என்ற தொழிற்சங்கக் கோரிக்கையே இரண்டு தொழிலாளரையும் ஒரே அணியில் நிறுத்தக்கூடியது. நெடிய போராட்டத்துக்குப் பின், 2018இல் திருத்தப்பட்ட பணி அனுப்பீட்டு விதிகள் அக்கோரிக்கையை ஓரளவுக்கேனும் ஏற்றன.

வெற்றிகளும் உண்டு

ஐரோப்பியத் தொழிலாளி வர்க்கம் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. துறைமுகச் சேவைகளைப் போட்டிக்குத் திறந்து, கப்பல் நிறுவனங்கள் சொந்த ஆட்களைக் கொண்டே சரக்கிறக்க அனுமதிக்கும் சட்ட வரைவு இரண்டு முறை வந்தது. ஐரோப்பாவின் துறைமுகத் தொழிலாளர்கள் நாடு கடந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 2003 நவம்பரிலும் 2006 ஜனவரியிலும் ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை நிராகரித்தது.

2004இல் ஆணையர் போல்கஸ்டைன் கொண்டுவந்த சேவைத்துறைச் சட்ட வரைவு, சேவை வழங்கும் நிறுவனத்துக்கு அதன் தாய்நாட்டுச் சட்டமே பொருந்தும் என்றது. 2005 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் வீதிகளிலும், 2006 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்கிலும் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கோட்பாடு வரைவிலிருந்து நீக்கப்பட்டது. 2005 மே 29 அன்று பிரெஞ்சு மக்கள் ஐரோப்பிய அரசியல் சட்டத்தை ஏறத்தாழ 55 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். மூன்று நாட்களில் டச்சு மக்களும் நிராகரித்தார்கள். தடையற்ற, திரிபற்ற போட்டியை ஒன்றியத்தின் இலக்காக அறிவித்த வாசகம் அந்த வாக்கெடுப்பின் மையமான சர்ச்சைகளில் ஒன்று. பின்னர் வந்த லிஸ்பன் உடன்படிக்கையில் அது இலக்குகளின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் முன்வாசலில் எடுத்ததைப் பின்வாசலில், 27ஆம் இணைப்பு நெறிமுறையாக வைத்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

2013இல் தண்ணீர் மனித உரிமை என்ற முழக்கத்தோடு பொதுச்சேவைத் தொழிற்சங்கங்கள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டின. குடிநீர் வழங்கலைச் சலுகை ஒப்பந்தங்களுக்கான சட்டத்தின் வரம்பிலிருந்து ஆணையம் விலக்க நேர்ந்தது. சட்டத்தின் வாசகம் கல்லில் செதுக்கப்பட்டதல்ல, வர்க்கப் பலாபலம் மாறும்போது அதுவும் மாறும் என்பதை இவை காட்டுகின்றன.

கார்ட்டலை உடைப்பதால் என்ன பயன்?

ஆணையம் பெருமூலதனத்தின் மீது கை வைப்பதே இல்லை என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பானது. 1997 முதல் 2011 வரை, 14 ஆண்டுகள், லாரி தயாரிக்கும் பெருநிறுவனங்கள் விலையை ஒருங்கே தீர்மானித்தன. மாசுக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பத்தை எப்போது புகுத்துவது, அதன் செலவை எப்படி வாங்குவோர் தலையில் கட்டுவது என்பதிலும் கூடிப் பேசின. 2016இல் டெய்ம்லர், வோல்வோ, இவெக்கோ, டாஃப் ஆகியவற்றுக்கு மொத்தம் 293 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ரகசியத்தை வெளியிட்ட மான் நிறுவனத்துக்கு அபராதம் தள்ளுபடியாயிற்று. கூகுளுக்கு 2017இல் 242 கோடி யூரோவும் 2018இல் 434 கோடி யூரோவும் அபராதம் வந்தன. அயர்லாந்து அரசு ஆப்பிளுக்கு அளித்த வரிச் சலுகை சட்டவிரோத உதவி என்றும், 1,300 கோடி யூரோவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் 2016இல் ஆணையம் முடிவு செய்தது. 2024 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பணத்தை வாங்க மறுத்து ஆப்பிளோடு சேர்ந்து வழக்காடியது அயர்லாந்து அரசே.

இத்தகைய நடவடிக்கைகளை இடதுசாரிகள் வரவேற்க வேண்டும். அவற்றை இன்னும் கடுமையாக்கக் கோர வேண்டும். அதே நேரத்தில் அவற்றின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். லாரிகளின் விலையைக் கூடிப் பேசியது குற்றமாயிற்று. அந்த ஆலைகளில் கூலியைப் பிழிந்தது குற்றமாகவில்லை. அபராதம் கட்டிய பின்னும் அதே நிறுவனங்கள் அதே சந்தையை ஆள்கின்றன. முதலாளி மற்றொரு முதலாளியை ஏமாற்றினால் சட்டம் விழித்துக்கொள்கிறது. உழைப்பாளியின் உபரியைக் கவர்வது சட்டத்தின் கண்ணில் போட்டியாகவே தெரிகிறது.

இந்தியாவுக்கு என்ன பொருள்?

ஐரோப்பிய ஒன்றியம் வெளியுலகோடு வர்த்தகம் பேசும்போது ஒரே குரலில் பேசுகிறது. உள்ளே போட்டியின் புனிதத்தைப் போற்றும் அதே அமைப்பு, வெளியே வேறு கணக்கு வைத்திருக்கிறது. பல பத்தாண்டுகள் ஏற்றுமதி மானியத்தோடு அதன் வேளாண் பொருட்கள் ஏழை நாடுகளின் சந்தைகளில் கொட்டப்பட்டன. 1984 முதல் நடைமுறையில் இருந்த பால் உற்பத்தி ஒதுக்கீடு 2015 மார்ச் 31 அன்று ரத்து செய்யப்பட்டபோது, பால் விலை சரிந்து ஐரோப்பாவின் சிறு பண்ணையாளர்களே நசுங்கினார்கள். ஆணையம் பால் பவுடரை வாங்கிக் கிடங்குகளில் குவிக்க நேர்ந்தது. அந்த உபரிக்கு வடிகால் தேடும்போது கண் எங்கே திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஓரிரு மாடுகளை நம்பி வாழும் கோடிக்கணக்கான இந்தியக் குடும்பங்களுக்கு இது வெறும் ஐரோப்பியச் செய்தியல்ல.

2008, 2009ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து பிரேசில் முதலிய நாடுகளுக்குச் சென்ற மலிவு விலை மருந்துகளை, வழியில் நெதர்லாந்து சுங்க அதிகாரிகள் காப்புரிமையின் பெயரால் பறிமுதல் செய்தார்கள். அந்த மருந்துகளுக்குப் புறப்பட்ட நாட்டிலும் காப்புரிமைத் தடை இல்லை, சேரும் நாட்டிலும் இல்லை. இந்தியா 2010இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்கு எழுப்பியது. 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மீண்டும் தொடங்கிய இந்திய-ஐரோப்பிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சுகளில் மருந்து, பால், அரசுக் கொள்முதல் ஆகியவை திரும்பத் திரும்ப எழுந்ததன் பின்னணி இதுவே. எஃகு, அலுமினியம், சிமெண்ட் முதலியவற்றின் மீதான எல்லைக் கார்பன் ஏற்பாடும் 2023 அக்டோபரில் அறிக்கை அளிக்கும் கடமையாகத் தொடங்கி, 2026 முதல் கட்டணப் பொறுப்பாக மாறியிருக்கிறது. புவியைச் சூடாக்கியதில் பெரும்பங்கு வகித்தவர்கள், அதன் செலவைப் பின்தங்கிய நாடுகளின் ஏற்றுமதியிலிருந்து வசூலிக்கிறார்கள்.

இந்தியாவிலும் 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் நிறுவனத்தின் பருமனையே கேள்விக்கு உட்படுத்தியது. 1991க்குப் பின் அதன் பற்கள் பிடுங்கப்பட்டன. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் ஐரோப்பியச் சூத்திரத்தையே பின்பற்றி, ஆதிக்கத்தை விட்டுவிட்டு அதன் துஷ்பிரயோகத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. 2022இல் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நல்லதே. துறைமுகமும் விமான நிலையமும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஓரிரு குடும்பங்களின் கைகளில் குவிவதைத் தடுக்க அந்தச் சட்டத்திடம் பதில் இல்லை.

தோழர்களே, பிரஸ்ஸல்ஸில் 1848இல் எழுந்த கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. காப்பு வரியா, தடையற்ற வர்த்தகமா என்பது மூலதனம் தன் வசதிக்கேற்ப மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்வி. உற்பத்தி யாருடைய கட்டுப்பாட்டில் என்பது உழைப்பாளி கேட்க வேண்டிய கேள்வி. கார்ட்டல்களை அம்பலப்படுத்துவதும், இணைப்புகளை எதிர்ப்பதும், பொதுத்துறையைச் சந்தையின் உரைகல்லிலிருந்து விடுவிப்பதும், வர்த்தக ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தின் முன்னும் மக்களின் முன்னும் வைக்கச் சொல்வதும் உடனடிக் கடமைகள். ஐரோப்பியத் துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு சட்ட வரைவை இரண்டு முறை வீழ்த்தியது நீதிமன்றத்தில் வாதாடி அல்ல. பல நாட்டுத் துறைமுகங்களில் ஒரே நாளில் பாரந்தூக்கிகளை நிறுத்தித்தான். மூலதனம் எல்லை கடந்து ஒன்றுபட்டிருக்கிறது. உழைப்பும் எல்லை கடந்து ஒன்றுபடும்போதுதான் தராசின் முள் மறுபக்கம் சாயும்.